வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: மறுமலர்ச்சியோடு ஒரு வருடம்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை நமக்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், நன்றி. வரவு செலவு, உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் கடைசியில் வருகிறது. முதலில் நாம் படித்ததைச் சொல்லிவிடுகிறேன், இந்த வருடம் சொல்ல நிறைய இருக்கிறது.

போன பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம், நினைவிருக்கும். மாதம் ஒரு புத்தகம் என்று நுனிப்புல் மேயாமல், வருடம் முழுக்க ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு அடிவரை போய்ப் பார்ப்பது. கை தூக்கச் சொன்னபோது ஐரோப்பிய மறுமலர்ச்சிக்குத்தான், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய நூல்களும் கலைகளும் இத்தாலியில் மீண்டும் உயிர்பெற்ற காலத்துக்குத்தான், அதிகக் கைகள் எழுந்தன. நமக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்த இரண்டு பேரும் இந்த வருடம் ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மொத்தம் பத்துக் கூட்டம் நடந்தது. மழையால் இரண்டு விட்டுப்போயின, அதில் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி பற்றிய கூட்டமும் ஒன்று, அடுத்த வருடம் எப்படியாவது நடத்த வேண்டும்.

முதல் கூட்டத்தில் ஒரு காரியம் செய்தோம். பள்ளிக்கூடத்தில் மறுமலர்ச்சி பற்றி என்ன படித்தோம் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதினோம். அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே பதில்: 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளை, இன்றைய இஸ்தான்புல்லை, பிடித்தார்கள், அங்கிருந்த அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடினார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்த விடை, முப்பது நாற்பது வருடம் ஆகியும் அழியாமல் இருக்கிறது. வருடக் கடைசியில் அந்தத் தாள்களைத் திரும்ப எடுத்துப் படித்தபோது, நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கிரேக்க அறிஞர் மனுவேல் கிறிசொலோராஸ் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்து இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397-இல். அவரை யாரும் துரத்தவில்லை, அந்த நகரத்தின் தலைமைச் செயலராக இருந்த கொலுச்சியோ சலுத்தாத்தி முயற்சி எடுத்துச் சம்பளம் கொடுத்து வரவழைத்தார். ஏடு தேடும் வேலை அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1453 வந்தபோது இத்தாலி காத்துக்கொண்டு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தேடுதல், படி எடுத்தல், இரவல் கொடுத்தல். இந்த மூன்று வேலையைப் பார்த்த மனிதர்களைத்தான் நாம் இந்த வருடம் அதிகம் படித்தோம். டா வின்சியையும் மைக்கேலாஞ்சலோவையும் எல்லாருக்கும் தெரியும், அவர்களுக்கு ஒரு கூட்டம் போதும் என்று செயற்குழு நினைத்தது. அதில் சிலருக்கு வருத்தம் இருந்தது தெரியும். ஆனால் அந்த முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

குவிண்டிலியன் கதைக்கு வருகிறேன், நம் ஆசிரிய உறுப்பினர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது அதைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர் அவர். ஒரு குழந்தையை எப்படிப் படிக்கவைத்து நல்ல பேச்சாளனாக ஆக்குவது என்று 12 பாகத்தில் எழுதினார். பிள்ளைகளை அடித்துப் படிக்கவைக்கக் கூடாது என்று அப்போதே எழுதியவர். அந்த நூல் 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கிழிந்தும் குறைந்தும்தான் கிடைத்தது. கவிஞர் பெட்ரார்க் கைக்கு 1350-இல் அப்படி ஒரு குறைப்பிரதி வந்தது. உடனே உட்கார்ந்து, செத்துப் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆன குவிண்டிலியனுக்கே ஒரு கடிதம் எழுதினார், உன் உடம்பு சிதைந்து கிடக்கிறதே என்று. இதற்கு முன்னால், 1345-இல் வெரோனாவில் பழைய ரோமின் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தபோதும் இப்படித்தான், சிசரோவுக்கே எழுதினார். பெட்ரார்க்கிடம் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் பிரதி ஒன்றும் கிரேக்க மொழியிலேயே இருந்தது. படிக்கத் தெரியாது. அணைத்துக்கொண்டு ஏங்குவதாக எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெட்ரார்க் இறந்து நாற்பது வருடம் கழித்து, ஜெர்மானிய நாட்டுக் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் திருச்சபையின் பெரிய சங்கம் கூடியது. அங்கே போப்பின் செயலராகப் போனவர் போஜ்ஜோ பிராச்சியோலினி. 1415-இல் சங்கம் அந்தப் போப்பைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது, போஜ்ஜோவுக்கும் வேலை போனது. கையில் நேரம் இருந்தது, பக்கத்தில் ஜெர்மானிய மடங்கள் இருந்தன. 1416-இல் இரண்டு நண்பர்களோடு இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் செயின்ட் கேலன் மடத்துக்குப் போனார். ஒரு கோபுரத்தின் அடியில், இருட்டில், தூசியும் பூஞ்சையும் பிடித்துக் கிடந்த ஏடுகளுக்கு நடுவில் குவிண்டிலியன் முழுசாகக் கிடைத்தார். மரண தண்டனைக் கைதியைக்கூட அப்படி ஓர் இடத்தில் போட மாட்டார்கள் என்று நண்பர் குவாரினோவுக்கு எழுதினார். பிரதியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் அங்கேயே உட்கார்ந்து தன் கையால் படி எடுத்தார். அடுத்த வருடம், 1417-இல், அணுக்களைப் பற்றிப் பாடிய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நெடுங்கவிதையும் அவர் கண்ணில்தான் பட்டது.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஏடுகள் எப்படி அங்கே வந்தன? இடைக்காலத் துறவிகள் படி எடுத்து வைத்ததால் வந்தன. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி, பேரரசர் சார்லமேன் காலத்திலும் அதற்குப் பின்னும், குளிரில் விரல் விறைக்க உட்கார்ந்து எழுதியவர்கள் இல்லாவிட்டால் போஜ்ஜோவுக்குத் தேட எதுவும் இருந்திருக்காது. 'இருண்ட காலம்' என்று நாம் எல்லாரும் சர்வசாதாரணமாக எழுதுகிறோம், அந்தப் பெயரை வைத்த பெருமையில் பெட்ரார்க்குக்கும் பங்கு உண்டு, எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இன்னும் கேளுங்கள், அந்தத் துறவிகளின் உருண்டையான தெளிவான எழுத்தைப் பழைய ரோமானியர் எழுத்து என்றே எண்ணி போஜ்ஜோவும் நண்பர்களும் அதைப் பார்த்து எழுதப் பழகினார்கள், அதைப் பார்த்து அச்சுக்காரர்கள் ஈய எழுத்து வெட்டினார்கள், இன்று ஆங்கிலச் செய்தித்தாளில் நாம் பார்க்கும் எழுத்து அதன் வாரிசு. போஜ்ஜோவின் நண்பர் நிக்கோலோ நிக்கோலி வேகமாக எழுதிய சாய்ந்த எழுத்தின் வழியில்தான் வெனிஸில் அச்சுக்காரர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலை அச்சிட்டார். கையடக்கமான புத்தகம், எடுத்துக்கொண்டு எங்கேயும் போகலாம். கணினியில் எழுத்தைச் சாய்க்கும் பொத்தானைத் தட்டும்போதெல்லாம் நிக்கோலியின் கை எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது.

அந்த நிக்கோலி நம் நூலகத்துக்கு மிகவும் வேண்டியவர். பிளாரன்ஸ்காரர், கம்பளி வியாபாரி மகன், இருந்த சொத்தையெல்லாம் ஏடு வாங்கியே கரைத்தவர். 1437-இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 800 ஏடுகள் இருந்தன, அதில் 200 இரவலில் வெளியே இருந்தன என்று அவரை அறிந்த புத்தக வியாபாரி வெஸ்பசியானோ எழுதியிருக்கிறார். கடனும் இருந்தது. பிளாரன்ஸில் செல்வாக்கு மிகுந்த வங்கிக்காரர் கோசிமோ தெ மெதிச்சி கடனை அடைத்துவிட்டு, பாதி ஏடுகளைச் சான் மார்கோ மடத்தில் வைத்தார், அதற்காகக் கட்டிய நூலகம் 1444-இல் திறந்தது. விரும்பியவர்கள் போய்ப் படிக்கலாம் என்பது நிக்கோலியின் ஆசை, அது நடந்தது.

பிளாரன்ஸ் பேராலயத்துக்குப் புரூனெலெஸ்கி கட்டிய குவிமாடம் பற்றிய கூட்டம்தான் இந்த வருடத்தில் அதிகம் பேர் வந்தது, 41 பேர். பேசியவர் நம் உறுப்பினர், முப்பது வருடமாகக் கொத்தனார் வேலை பார்ப்பவர். மேடையில் பேச மாட்டேன், முற்றத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். நூறு செங்கல்லும் ஒரு சட்டி கலவையும் முன்னாலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். பிளாரன்ஸ் பேராலயத்தின் நடுவில் கூரை இல்லாமல் பல வருடமாக ஒரு பெரிய ஓட்டை, எட்டு மூலை, குறுக்கே ஏறக்குறைய 45 மீட்டர். தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே அதை மூட வேண்டும். கீழே முட்டுக் கொடுத்துச் சென்ட்ரிங் அடிக்க அவ்வளவு மரத்துக்கு எங்கே போவது? 1418-இல் 200 பொற்காசு பரிசு அறிவித்துப் போட்டி வைத்தார்கள். முட்டே இல்லாமல் கட்டிக் காட்டுகிறேன் என்று வந்தவர் புரூனெலெஸ்கி. இதற்கு முன் 1401-இல் வெண்கலக் கதவுப் போட்டியில் சிற்பி கிபெர்த்தியிடம் தோற்றவர். போட்டிக்கு இருவரும் செய்து கொடுத்த மாதிரித் தகடு இரண்டும் இன்றும் பிளாரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அருகருகே இருக்கின்றன, புரூனெலெஸ்கியுடையது சுமார் 7 கிலோ அதிக எடை, வெண்கலம் அதிகம் செலவாகும் என்பதும் நடுவர்கள் யோசித்திருப்பார்கள் என்று ஒரு கருத்து உண்டு.

உள்நோக்கிச் சாயும் சுவரில் ஈரக் கலவை மேல் செங்கல் வைத்தால் வழுக்கி விழுமே, அதற்கு என்ன செய்தார்? நம் கொத்தனார் அதைத்தான் செய்து காட்டினார். படுக்கையாக ஒரு வரிசை வைத்துக்கொண்டே வந்து, இடையிடையே ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தார். அடுத்த வரிசையில் அதற்குப் பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்ததில் இன்னொன்று. நிமிர்ந்த கல் மேல்வரிசைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு நிமிர்ந்த கல்லுக்கு நடுவில் படுத்த கற்கள் புத்தக அலமாரியில் புத்தகம் இறுகி நிற்பதுபோல நிற்கும், கலவை காயும் வரை விழாது. சாய்த்து வைத்த பலகை மேல் நான்கு வரிசை கட்டிவிட்டு, கையை எடுத்தார். நின்றது. கைதட்டல் அடங்க நேரமானது. மீன்முள் போல் போகும் இந்தக் கட்டோடு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரட்டை ஓடு, பீப்பாய்க்கு வளையம் போடுவது மாதிரி கல்லும் மரமும் சேர்த்த சங்கிலிகள், காளையைத் திருப்பாமலே பாரத்தை ஏற்றவும் இறக்கவும் முடிந்த பல்சக்கர எந்திரம். 40 லட்சம் செங்கல் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார்கள். அதாவது, நம் பள்ளிக்கூட விடைப்படி மறுமலர்ச்சி 'பிறப்பதற்கு' 17 வருடம் முன்பே.

கணக்கு டீச்சர் எடுத்த கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீசா நகரத்து லியோனார்டோ, ஃபிபொனாச்சி என்று நாம் அறிந்தவர், 1202-இல் எழுதிய நூலில் 'இந்தியர்களின் ஒன்பது எண்கள்' என்று சொல்லித்தான் தொடங்குகிறார், அரபு வணிகர் வழியாக அவர் கற்றது. 1299-இல் பிளாரன்ஸ் நாணய மாற்றுக்காரர் சங்கம் பேரேட்டில் அந்த எண்களை எழுதக் கூடாது என்று தடுத்தது. நாற்பது வருடம் போவதற்குள் அதே ஊரில் ஆறு கணக்குப் பள்ளிக்கூடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் படித்தார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் வில்லானி எழுதுகிறார்.

பையன்கள். நம் மகளிர் உறுப்பினர்கள் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்கள், அதிலிருந்து ஒரு தனிக் கூட்டமே பிறந்தது. வெரோனாவைச் சேர்ந்த இசோட்டா நொகரோலா லத்தீனில் நல்ல புலமை உள்ளவர். இருபது வயதை ஒட்டி, புகழ்பெற்ற ஆசிரியர் குவாரினோவுக்குக் கடிதம் எழுதினார், போஜ்ஜோ எழுதிய அதே குவாரினோ. பதில் வரவில்லை. ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். மறுபடியும் எழுதி, உங்கள் மௌனத்தால் நான் ஊர் சிரிக்க நிற்கிறேன் என்று நேராகவே கேட்டார், அதற்குப் பிறகு பதில் வந்தது. அடுத்து யாரோ பெயர் போடாமல் அவரைப் பற்றி அவதூறு எழுதிப் பரப்பினார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டிலேயே இருந்து படித்தார், 1451-இல் பாவம் ஆதாமுடையதா ஏவாளுடையதா என்று ஓர் ஆணோடு எழுத்தில் வாதாடினார். அந்தக் கூட்டத்தில் நம் கல்லூரி மாணவி ஒருவர் பேசியதைக் கேட்டபோது, ஐந்நூறு வருடம் தாண்டியும் அந்த வலி அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓவியக் கூட்டத்தில் வாடகைப் படவீழ்த்தி வேலை செய்யவில்லை, பிளாரன்ஸ் ஓவியர் மசாச்சியோவின் சுவரோவியங்களைக் கைப்பேசியில்தான் சுற்றுக்கு விட்டோம். அதைத் திரும்ப நடத்துகிறோம்.

நவம்பர் மழையில் நம் நூலக அறை ஒழுகி 38 புத்தகங்கள் நனைந்தன. பிளாரன்ஸிலும் முன்பு இப்படி நடந்திருக்கிறது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பிளாரன்ஸுக்குள் புகுந்து, கிபெர்த்தியின் சொர்க்க வாசல் கதவிலிருந்து ஐந்து தகடுகளைப் பிய்த்துப் போட்டது, தேசிய நூலகத்தை மூழ்கடித்தது. எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் வந்து வரிசையில் நின்று சேற்றிலிருந்து புத்தகங்களைக் கைமாற்றினார்கள். அதைப் படித்திருந்த நம் பிள்ளைகள், தாளுக்குத் தாள் உறிஞ்சும் காகிதம் வைத்து, மின்விசிறியின் கீழ் பரப்பி, நான்கு நாள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டதில் 31 பிழைத்தன. அவர்களை இங்கே எழுந்து நிற்கச் சொல்கிறேன்.

சரி, கணக்கு. உறுப்பினர் 72 பேர், போன வருடம் 58. சந்தா, நன்கொடை சேர்த்து வரவு 46,300 ரூபாய். புத்தகம், மண்டப வாடகை, தேநீர், கூரை பழுது எல்லாம் போகக் கையிருப்பு 5,150. விவரம் பொருளாளர் வாசிப்பார்.

இரவலில் 63 புத்தகங்கள் இருக்கின்றன. தவணை தாண்டியவற்றுக்கு அபராதம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, செயற்குழு ஏற்கவில்லை. வெளியே இருப்பது நல்லதுதான், யாரிடம் இருக்கிறது என்று பேரேட்டில் இருந்தால் போதும். கையில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்த வருடத்தின் முதல் கூட்டம், அந்த அச்சு எழுத்து நம் பக்கம் வந்த கதை. குட்டன்பெர்க்கின் பைபிள் வெளிவந்து 125 வருடத்துக்குள், 1578-இல், கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம். அதன் படங்களைப் பெரிதாக எடுத்து வருவதாக நம் அச்சக உறுப்பினர் சொல்லியிருக்கிறார். வரும் மாதம் முதல் ஞாயிறு, மாலை 5 மணி, இதே முற்றம்.