மலை ஏறாத பழைய காருக்கு எஞ்சினைப் பிரிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மலைப்பாதையில் வண்டி இழுக்கவில்லை என்றால் எஞ்சின் தேய்ந்துவிட்டது, போர் பண்ண (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்த) வேண்டியதுதான் என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே பேச்சை நம்பி நானும் ரூ.65,000 செலவு பண்ண இருந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1976ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், அப்பா வாங்கியது. கோவையிலிருந்து குன்னூருக்கு அதில் போகாத வருடமே கிடையாது, கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும்போது செகண்ட் கியர் போட்டால் பர்லியார் வரை தெம்பாக ஏறும். போன வருடம் மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் தெரியவில்லை, ஏற்றம் வந்ததும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் வேகம் இறங்கிக்கொண்டே போனது. செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட். வெப்ப முள் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஓரம்கட்டி பானட்டைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது.

திரும்பி வந்து வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கே வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, போர் பண்ணி, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மாற்றிவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் சரி என்றுதான் வந்தேன். அப்புறம் மனசு கேட்காமல், அம்பாசிடர் டாக்சிகளுக்கே காலமெல்லாம் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் கேட்டது இதுதான்: "எப்படிங்க இழுக்கமாட்டேங்குது? தும்மித் தும்மி நிக்குதுங்களா, இல்ல சும்மாவே சோர்ந்துபோகுதுங்களா?"

பாதி நோய் இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. கொஞ்ச தூரம் நன்றாக ஏறி, பிறகு தும்மி நின்று, பத்து நிமிடம் ஆறியதும் மறுபடி கிளம்பினால் பெட்ரோல் வரத்தில்தான் குறை இருக்கும். டேங்க் பின்னால் இருக்கிறது, ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும்போது பம்ப் பெட்ரோலை இன்னும் உயரத்துக்கு இழுத்தாக வேண்டும், பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு தளர்ந்திருந்தால் முடியாது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்தாலும் இதே கதைதான், அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் பழைய ரப்பர் டயஃப்ரத்தையும் ஹோஸையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

என் வண்டி தும்மவில்லை. சீராகச் சோர்ந்தது, கூடவே சூடும் ஏறியது. அவர் என் மகனை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வால்வு முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்தார் (தடிமனான கால்மிதி ஒன்று பெடலுக்கு அடியில் கிடந்தாலே கால்வாசி இழுவை போய்விடுமாம்). நியூட்ரலில் வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அதிலேயே தெரியும். பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்று அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார். 118, 120, 115, 120. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறது, இதைப் பிரிக்கவே வேண்டாம் என்றார். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும், அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் அந்த சிலிண்டரின் வால்வில் குறை.

அப்புறம் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே இருக்கும் ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் லேசாகத் திருப்பினால் கொஞ்சம் அசைந்து, விட்டதும் ஸ்பிரிங் போலத் திரும்பி வர வேண்டும். என் வண்டியில் அது கல்லாட்டம் நின்றது. அடித்தட்டைக் கழற்றினால் அடியில் இரண்டு சிறு எடைகள், இரண்டு ஸ்பிரிங், எல்லாம் காய்ந்த கிரீஸும் துருவுமாக இறுகிப்போயிருந்தன. எஞ்சின் வேகம் கூடக்கூட அந்த எடைகள் விரிந்து தீப்பொறியை முன்கூட்டியே தள்ள வேண்டும், அவை அசையாததால் பொறி எப்போதும் தாமதமாகவே விழுந்தது. தாமதமாக எரிந்த பெட்ரோல் பிஸ்டனை ஒழுங்காகத் தள்ளாமல் சைலன்சர் பக்கம் சூடாகப் போய்விடுகிறது. இழுவை இல்லாததற்கும் எஞ்சின் கொதித்ததற்கும் இதுதான் காரணம். சமவெளியில் பாதி பெடலிலேயே ஓட்டியதால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

மண்ணெண்ணெயில் கழுவி, ரோட்டருக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூ தலையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டு, பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளியை 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் காட்டும் லைட் போட்டுக் காட்டினார். எஞ்சினை முறுக்க முறுக்கக் குறி நகர்ந்தது. ஒரு பொழுது வேலை, அவ்வளவுதான். அடுத்த வாரம் செகண்ட் கியரிலேயே பர்லியார் போய்விட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். கோவையில் இருந்த பலத்தில் ஏழில் ஒரு பங்கு குன்னூரில் இருக்காது, அது எந்த கார்புரேட்டர் வண்டிக்கும் நடப்பதுதான். அதை நோய் என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்கக் கூடாது.

நல்ல எஞ்சினை ஒருமுறை போர் பண்ணிவிட்டால் போன இரும்பு திரும்பி வராது, இந்த வண்டிகளுக்கு நல்ல பாகங்கள் கிடைப்பதும் இப்போது எளிதல்ல. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே வண்டியை வொர்க்‌ஷாப்பில் விடக்கூடும். கம்ப்ரஷனும் டைமிங்கும் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை