வரிப்பணமும் வேதபாடமும்: ஒரு தொகுப்பு நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மதச்சார்பற்ற அரசு, மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு வரிப்பணத்தைக் கொடுக்கலாமா? இந்தப் பேச்சு எழுந்தாலே இரண்டு பதில்கள்தான் காதில் விழும். "ஒரு காசு கொடுக்கக் கூடாது" என்பார் ஒருவர். "அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தானே" என்பார் இன்னொருவர். சட்டம் என்ன சொல்கிறது, தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழில் இவையெல்லாம் ஒரே நூலாக எங்கள் கண்ணில் பட்டதில்லை. பல நாட்டுச் சட்டப் பிரிவுகளையும் முக்கியமான தீர்ப்புகளையும் மொழிபெயர்த்து, பின்னணிக் குறிப்புகளோடு வெளியிட முயன்று வருகிறோம். அதற்குத்தான் உங்கள் பொருளுதவியைக் கேட்கிறோம்.

எங்கள் குழுவில் மானியத்தை அடியோடு எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மதப் பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே நூல் எந்தப் பக்கமும் சாயாது, சாய விடவும் மாட்டார்கள்! ஆனால் மூல ஆவணங்களைப் படிக்கப் படிக்க ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனோம். உண்மையான இழுபறி நிபந்தனைகளில்தான் நடக்கிறது. ஆசிரியரை நியமிப்பது யார், எந்தப் பிள்ளைக்கு இடம் மறுக்கலாம், வழிபாட்டு நேரத்தில் வெளியே இருக்க யாருக்கு உரிமை?

இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவையே பாருங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் மதபோதனை கூடாது. அரசு நிர்வகித்தாலும், மதபோதனை வேண்டும் என்று விதிக்கும் அறக்கட்டளையால் நிறுவப்பட்டது என்றால் அதற்கு விலக்கு உண்டு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மதபோதனை இருக்கலாம். ஆனால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்காமல் பிள்ளையை அதில் உட்காரவைக்க முடியாது. 30ஆம் பிரிவோ, சிறுபான்மையினர் நிர்வாகம் என்பதைக் காரணமாகக் காட்டி உதவியில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1854இல் வந்த உட்டின் கல்வி அறிக்கையும் இதே வழியில்தான் போனது. பள்ளி தரும் பொதுக்கல்வியைப் பார்த்து மானியம் கொடு, அங்கே நடக்கும் மதபோதனையில் தலையிடாதே என்றது. பள்ளி மானியம் பற்றி வாதிடும் எத்தனை பேருக்கு அந்தச் சம்மத விதி தெரியும்?

தொகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியப் பகுதி. 1962ஆம் ஆண்டு ஜூலையில் கோல்பர்ன் என்ற ஊரில், ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி கூடுதலாக மூன்று கழிப்பறை கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கட்டப் பணமில்லை என்றது திருச்சபை. அரசு உதவியும் கிடையாது. ஊரிலிருந்த கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ஏறக்குறைய 2,000 பிள்ளைகளை அரசுப் பள்ளி வாசலுக்கு அனுப்பினார்கள். 640 பேருக்குத்தான் இடமிருந்தது. ஒரே வாரத்தில் போராட்டம் முடிந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகளையும் அரசே படிக்கவைப்பதாயிருந்தால் என்ன ஆகும் என்பது நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. 1964இலேயே தனியார் பள்ளிகளின் அறிவியல் கூடங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தொடுத்த வழக்கும் 1981இல், அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர்நீதிமன்றத்தில் தோற்றது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அந்த ஒருவரின் மாறுபட்ட தீர்ப்பையும் சேர்க்க வேண்டும் என்று குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சேர்க்கிறோம்.

பிரான்ஸ் பற்றிப் பேசுவோர் அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். 1959இல் வந்த தெப்ரே சட்டப்படி, ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசுதான் சம்பளம் தருகிறது. பதிலுக்கு அந்தப் பள்ளிகள் மதம் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். 1984இல் இந்த ஏற்பாட்டை மாற்றப் போனபோது பாரிஸ் தெருக்கள் நிரம்பி வழிந்தன, மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். நெதர்லாந்து 1917இலேயே அரசுப் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் சம நிதி என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது. நேர் எதிராக, இலங்கை 1960இல் உதவி பெறும் பள்ளிகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில், மதப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம் பற்றி 1947இல் தீர்ப்பான எவர்சன் வழக்கிலிருந்து, மதப் பள்ளிகளுக்கும் கல்விக் கட்டண உதவி உண்டா என்ற 2022ஆம் ஆண்டின் கார்சன் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதற்குத் தனிப் பகுதி உண்டு.

இனிச் செலவு. தேர்வும் முதல் வரைவும் குழுவினரே ஊதியமின்றிச் செய்கிறோம். சட்ட மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்துவது அப்படிச் செய்துவிடும் வேலையல்ல. அதற்குச் சட்டம் படித்தவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். மெய்ப்பு, அச்சு, கட்டு, அஞ்சல் ஆகியவை அதற்கு மேல். கணக்குக்கு வசதியாக, ஒப்பிட்டுத் திருத்திய பத்துப் பக்கத்துக்கு ஆகும் செலவை ஒரு பங்கு என்று வைத்திருக்கிறோம். ஒரு பங்கோ, பல பங்கோ, நண்பர்கள் சேர்ந்து ஒரு பங்கோ தரலாம். அரைப் பங்கும் நன்றியோடு ஏற்கப்படும்.

வாங்கும் பணத்துக்கு எங்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. இந்தப் பொருளில் நூல் போடுகிறவர்களுக்கு அது இல்லாவிட்டால் எப்படி? தனிமனிதர்களிடம் மட்டுமே வாங்குவோம். அரசு, கட்சி, மத நிறுவனம், பள்ளி நிர்வாகம் ஆகிய எவரிடமும் வாங்க மாட்டோம். ஒருவர் பத்துப் பங்குக்கு மேல் தர முடியாது. எந்தத் தீர்ப்பைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதில் நன்கொடையாளருக்குச் சொல் கிடையாது. பெயர் போட வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிட்டால் போதும். வரவு செலவு முழுவதும் நூலின் கடைசிப் பக்கங்களில் அச்சாகும். மிச்சப்படும் பணத்தில் பொது நூலகங்களுக்குப் படிகள் வாங்கித் தருவோம். மின்னூலை எவரும் இலவசமாகப் பெறலாம்.

குழு உறுப்பினர் எவரிடமும் பணம் தரலாம். கையோடு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். பணம் தர இயலாதவர்கள் மெய்ப்புப் பார்க்க வரலாம். பிரெஞ்சோ டச்சோ அறிந்தவர்கள் இருந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள். அந்த இரண்டு பகுதிகளும் ஆங்கில வழியாக வந்து நிற்கின்றன, மூலத்தோடு ஒப்பிட ஆளில்லை.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்