நீண்டகாலக் கொவிட்டும் முன்னாள் போராளிகளும்: எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்திலும் குழுச் சிகிச்சை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொவிட் தொற்று நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் உடல் தேறாத முன்னாள் படையினர், அமெரிக்காவில் சிறு குழுவாக அமர்ந்து, உளவளத்துணையாளர் ஒருவரின் துணையோடு நோயுடன் நாளைக் கடத்தும் வழிகளைக் கற்றுக்கொள்வது பற்றித் தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை என் தம்பிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நீண்ட எழுத்தை அவனால் இப்போது தொடர்ந்து வாசிக்க முடிவதில்லை. நான்கு வரி தாண்டினால் முதல் வரி மறந்துவிடுகிறது என்கிறான். அரச வைத்தியசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், முன்னாள் போராளி ஒருவனின் அக்கா என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தம்பிக்கு 2021 ஓகஸ்டில் தொற்று ஏற்பட்டது. நாட்டில் ஒரே நாளில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்த, தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்ட நாட்கள் அவை. அவனுக்கு ஒட்சிசன் தேவைப்படவில்லை; இரண்டு கிழமை வீட்டில் இருந்து தேறிவிட்டான் என்றே எல்லோரும் நினைத்தோம். அந்தப் பெரும்போக விதைப்புக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் வயலுக்குப் போனவன், ஒரு முற்பகல் வரம்பு செதுக்கிவிட்டு வந்து மூன்று நாட்கள் பாயை விட்டு எழும்பவில்லை. அதன் பிறகும் அப்படித்தான். வேலை செய்யும்போது களைப்புத் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடித்துப் போட்டதுபோல உடல் விழுந்துவிடும், நெஞ்சு படபடக்கும், தெரிந்தவர்களின் பெயர்கூட வாயில் வராது. இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மார்பு எக்ஸ்றே எதிலும் பிழை தெரியவில்லை. ஓரிடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னோரிடத்தில் அவனுடைய கடந்த காலத்தை அறிந்ததும், இது யுத்தத்தின் பாதிப்பு என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் சோம்பல் என்றார்கள். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போய், உடலில் இரும்புத் துண்டுகளோடு திரும்பி வந்து, அதன் பின்னும் இரண்டு ஏக்கர் வயலைத் தனியாகச் செய்தவனை அவர்கள் அப்படிச் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தொற்று ஏற்பட்டு மூன்று மாதங்கள் கழிந்த நிலையில், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் குறைந்தது இரண்டு மாதங்களாவது நீடித்திருந்தால் அதை நீண்டகாலக் கொவிட் எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வரையறுத்தது. களைப்பு, மூச்சுத் திணறல், நினைவுத் தடுமாற்றம் ஆகியன அதில் முதன்மையாகச் சொல்லப்பட்டவை. யுத்தத்தில் மனவடுப்பட்டவர்களுக்குத் தூக்கம் கெடும், நினைவு தடுமாறும், நெஞ்சு அடிக்கும் என்பதையும் நாம் அறிவோம். இரண்டும் ஒரே உடலில் இருந்தால் ஒன்றின் பின்னால் மற்றது மறைந்துகொள்கிறது. மூச்சு முட்டினால் மண் சரிந்த பதுங்குகுழியின் நினைவு வருகிறது, அந்த நினைவு வந்தால் மூச்சு இன்னும் முட்டுகிறது என்று தம்பி ஒருமுறை சொன்னான். சுவாசத்துக்கு ஒரு கிளினிக், மனதுக்கு வேறொரு கிளினிக் என்று அலையும் ஒருவர் இந்த முடிச்சை எந்த மேசையில் அவிழ்த்துக் காட்டுவார்?

கொவிட்டின் நீண்டகால விளைவுகளை உலகம் அறிந்துகொண்டதில் முன்னாள் படையினருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படையினர் சுகாதார சேவையின் பதிவேடுகளிலிருந்து, தொற்று ஏற்பட்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படாத 73,000 இற்கு மேற்பட்டவர்களின் விபரங்களை ஆராய்ந்த ஆய்வு 2021 ஏப்ரலில் வெளியானது. முதல் மாதம் கழிந்த பின்னரும் சுவாசம், நரம்பு, தூக்கம், மனநிலை எனப் பலவற்றில் அவர்களுக்குப் பாதிப்பு இருந்ததை அது காட்டியது. வீட்டிலேயே இருந்து தேறியவன்தானே என்று என் தம்பியிடம் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குழுவாக அமர்வதால் என்ன பயன் என்று கேட்போரும் உளர். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் சிலர் 1970 இல் நியூயோர்க்கில் தாங்களாகவே கூடிப் பேசத் தொடங்கினர். அவர்கள் பேசிய மனவடு நோய் 1980 இலேயே அந்நாட்டு மருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றது. நீண்டகாலக் கொவிட் என்ற பெயரும் 2020 இல் நோயாளர்கள் வைத்த பெயரே. தங்களை நம்பாதோர் நடுவில், ஒருவரையொருவர் நம்பியவர்களாலேயே இரண்டு நோய்களும் வெளிச்சத்துக்கு வந்தன. பிரித்தானியாவில் கொவிட்டால் வைத்தியசாலையில் இருந்து திரும்பிய 585 பேரிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வொன்றில், எட்டு வாரங்கள் இணையவழியாகக் குழுவில் உடல், உளப் பயிற்சி பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம், ஒரு தடவை மட்டும் ஆலோசனை பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மேம்பாடு பெரிதன்று, ஆனால் ஓராண்டு கழிந்த பின்னும் அது நிலைத்திருந்தது. குழுச் சிகிச்சை இந்நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. இந்நோய் வெறும் மனப்பிரமை என்று யாரும் பொருள்கொள்ளவும் கூடாது.

எங்கள் மாவட்டத்தில் இதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். யுத்தமும் 2004 சுனாமியும் சேர்ந்து இங்கு உளநலப் பணியாளர் பரம்பரை ஒன்றையே உருவாக்கியிருக்கின்றன. பணத்தையும் கட்டடத்தையும்விடப் பெரிய தடை அச்சம். விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுபட்ட 2004 இல் வீடு திரும்பியவர்களும், யுத்தம் முடிந்த 2009 இற்குப் பின் புனர்வாழ்வு முடித்து வந்தவர்களும் ஒன்றுகூடுவது என்றாலே தயங்குகிறார்கள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று பின்னர் யாராவது வந்து விசாரிப்பார்களோ என்ற பயம் அவர்களை விட்டுப் போகவில்லை. ஆகையால் முன்னாள் போராளிகளுக்கான நிகழ்வு என்று பதாகை கட்டி, புகைப்படம் எடுத்து, கையொப்பப் பட்டியலை அலுவலகம் அலுவலகமாக அனுப்பும் வழமையான செயலமர்வு முறை இதற்கு அறவே உதவாது. சுவாசக் கிளினிக்கின் ஓர் அங்கமாக, எட்டுப் பேருக்கு மேற்படாமல், அங்கே பேசுவது அங்கேயே நிற்கும் என்ற உறுதியோடு அது நடக்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீண்டகாலக் கொவிட் பெண்களையே கூடுதலாகப் பாதிக்கிறது. முன்னாள் பெண் போராளிகள் பலர் மணமுடித்துப் போன ஊரில் தங்கள் பழைய வாழ்வை மறைத்தே வாழ்கிறார்கள். மாமியாருக்குத் தெரியாது, சிலரின் பிள்ளைகளுக்கும் தெரியாது. ஆண்கள் இருக்கும் வட்டத்தில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனிக் குழுவும், பிள்ளையோடு வந்து போகக்கூடிய இடமும் தேவை. எல்லைக் கிராமங்களில் ஊர்காவற் படையில் இருந்த முஸ்லிம் சகோதரர்களுக்கும், அம்பாறையில் இராணுவத்திலிருந்து விலகிய சிங்களவர்களுக்கும் இதே நோய் இருக்கும். அவரவர் மொழியில், அவரவர் நம்பும் இடத்தில் அவர்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

குழுவை நடத்துவோர் ஒன்றை மனதில் இருத்த வேண்டும். உழைத்தால் களைப்புப் போய்விடும் என்ற எங்கள் ஊர் நம்பிக்கை இந்த நோயாளர் பலருக்குத் தீங்கு செய்யும். கையில் உள்ள சக்தியை அளந்து செலவழிக்கவும், களைக்குமுன் ஓயவும் அவர்கள் பழக வேண்டும். பயிற்சி முகாமில் வலியைப் பொறுக்கப் பழக்கப்பட்ட ஒருவருக்கு ஓய்வெடுப்பது தோல்வியாகத் தெரியும். தன்னைப் போன்ற இன்னொருவர் சொன்னால்தான் அவர் அதை ஏற்பார். என் தம்பி என் பேச்சை நான்கு ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

இடமும் முக்கியம். படுவான்கரையில் இருப்பவர் இயந்திரப் பாதை எனும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, பேருந்து ஏறி நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் அன்றைய சக்தி முடிந்துவிடும். ஆகவே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கரடியனாறு போன்ற இடங்களிலேயே முதற் குழுக்களைத் தொடங்குமாறு மாகாண சுகாதார அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன். அதுவரை தனிமையில் தவிப்போர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

அத்தகைய குழு ஒன்று தொடங்குமாயின் ஊதியம் எதுவுமின்றி உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன். கட்டுரையை வாசித்து முடித்ததும் நீ போவாயா என்று தம்பியிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, காலையில் வைத்தால் வருவேன், பின்னேரம் என்றால் என்னால் இருக்க ஏலாது அக்கா என்றான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிக்குடி.