ஈர விறகின் எடைக்கு ஏன் பணம் தர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரித் தேயிலை ஆலைகளின் எரிபொருள் செலவு குறித்துத் தங்கள் இதழில் வெளியான செய்தியில், புதிய உலர்த்திகளின் தேவை விரிவாகப் பேசப்பட்டிருந்தது. அவை தேவைதான். ஆனால் அதற்கு முன்பே, பெரிய முதலீடு இல்லாமல் செய்யக்கூடியது விறகைக் காயவைத்து எரிப்பது.

பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். விற்பனைக்குப் போகும் தூளில் அது சுமார் 3 சதவீதமே. இடைப்பட்ட நீரின் பெரும்பகுதியை வெளியேற்றும் சூடான காற்றுக்குப் பல ஆலைகள் விறகையே நம்பியுள்ளன. வெட்டிய கையோடு விறகாக வந்திறங்கும் கற்பூர மரத்திலும் (யூகலிப்டஸ்) ஏறக்குறையப் பாதி எடை நீர்தான். அந்த விறகில் ஒரு கிலோவிலிருந்து கிடைக்கும் பயனுள்ள வெப்பம் சுமார் 2,000 கிலோகலோரி. ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய விறகிலோ அது சுமார் 3,500. ஈர விறகை எரிக்கும் ஆலை, அதே வெப்பத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு எடையை வாங்கி, ஏற்றி, இறக்கி, அடுப்பில் போடுகிறது. புகையும் கூடுகிறது, ஹீட்டர் குழாய்களில் கரி படிந்து வெப்பம் காற்றுக்குச் செல்வதும் தடைப்படுகிறது.

மழைக்காலத்தில் இந்த இழப்பு இரட்டிப்பாக வலிக்கிறது. காற்று ஈரமாக இருப்பதால் இலையை வாட்டவே சூடு தேவைப்படும் அந்த மாதங்களில்தான், திறந்த வெளியில் குவித்த விறகும் நனைந்து கிடக்கிறது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் விறகைப் பிளந்து, காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் அடுக்கி வைத்தால் போதும். இதற்குக் கையிருப்பில் பணம் முடங்கும் என்பது உண்மை. சிறு ஆலைகளுக்கு அது எளிதன்று. அதைவிடப் பெரிய தடை, விறகை வெறும் எடைக்கு வாங்கும் வழக்கம். காயவைத்தால் எடை குறைந்து வருமானம் குறையும் என்றிருக்கும்போது, எந்த வியாபாரி காயவைப்பார்? எடைமேடையில் ஈரமானியால் சோதித்து, உலர் எடைக்கு விலை நிர்ணயிப்பதே முறை.

மாநில அரசின் கீழ் இயங்கும் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையமான இன்ட்கோசர்வின் ஆலைகள் இதைத் தொடங்கி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். விறகுக் கொட்டகைக்குக் கடனுதவியும், ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு செலவாகிறது என்பதை ஆலைதோறும் மாதந்தோறும் அறிவிக்கும் ஏற்பாடும் இருந்தால், தனியார் ஆலைகளும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி