புது டிவிக்குப் பழைய கேபிள் ஆகாது என்று சொல்வதை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததிலிருந்து உங்கள் நாளிதழில் முழுப் பக்கத்துக்கு டிவி விளம்பரமாக வருகிறது. 43 இன்ச், 55 இன்ச், எல்லாமே 4கே. விளம்பரம் வரட்டும், ஜனங்கள் வாங்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் டிவிக்கு பில் போட்டு முடித்ததும் "உங்க வீட்ல இருக்கிற பழைய ஒயரு இதுக்கு செட் ஆகாது, 4கே கேபிள் தனியா எடுத்துக்கோங்க" என்று ஒரு பேச்சு வருகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சேலத்தில் பல வருஷமாக டிவி ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஐந்து ரோடு பக்கமிருந்து வருகிறவர்களும் சரி, குகை பகுதியிலிருந்து வருகிறவர்களும் சரி, இதே கதையைச் சொல்கிறார்கள்.

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு தறிக்காரக் குடும்பம். அந்த வீட்டு அக்காவிடம் கடைப் பையன் "பழைய ஒயரைப் போட்டீங்கன்னா பேனல் போயிரும்க்கா, அப்புறம் வாரன்ட்டியும் கிடைக்காது" என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஒரு கேபிளைத் தலையில் கட்டியிருக்கிறார். அவர்கள் வீட்டில் டிவியோடு சேர்வது கேபிள்காரர் கொடுத்த எச்டி செட்டாப் பாக்ஸ் ஒன்றுதான். பாக்ஸோடு வந்த எச்டிஎம்ஐ கேபிள், அதாவது படத்தையும் சத்தத்தையும் ஒரே ஒயரில் டிவிக்குக் கொண்டுபோகிற கேபிள், பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து மாட்டிக் காட்டினேன், படத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. 1,800 ரூபாய் அந்த வீட்டில் எத்தனை நாள் தறிக் கூலி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

கேபிளால் பேனல், அதாவது டிவியின் திரை, போகாது. பழைய கேபிளுக்குத் தெம்பு போதவில்லை என்றால் படம் வராது, அல்லது விட்டு விட்டு வரும், அவ்வளவுதான். கழற்றிவிட்டு வேறு போட்டால் டிவி எப்போதும் போல ஓடும். இதைச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்திப் பணம் வாங்குவது நியாயமே இல்லை.

கேபிள் வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், அதன் வழியாக வீட்டில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது வருவதெல்லாம் ஸ்மார்ட் டிவி. யூடியூபும் மற்ற ஆப்களும் டிவிக்குள்ளேயே ஓடுகின்றன, படம் வைஃபையில் வருகிறது. அதற்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் சம்பந்தமே கிடையாது! டிவியில் இருக்கிற ஆப்பில் 4கே படம் சுற்றிக்கொண்டே நின்றால் இன்டர்நெட் வேகத்தைப் பாருங்கள், 15 முதல் 25 எம்பிபிஎஸ் வரை வேண்டும். 1,800 ரூபாய் கேபிள் அங்கே ஒன்றும் செய்யாது.

அடுத்தது செட்டாப் பாக்ஸ். நம் நாட்டில் எச்டி சேனல்கள் 1080ஐ என்ற கணக்கில் வருகின்றன, அதாவது 1080 வரி, அதுவும் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் ஒரு தடவை என்று பாதிப் பாதியாக. இதற்குக் கேபிளில் ஓட வேண்டிய வேகம் 74.25 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ முதன்முதலில் வந்தது 2002 டிசம்பரில். அந்த ஆரம்ப காலத்து ஸ்டாண்டர்டு கேபிளைச் சோதித்துப் பார்த்த அளவே இந்த 74.25 மெகாஹெர்ட்ஸ்தான். எனவே சேலத்தில் எந்த வீட்டில் எச்டி பாக்ஸ் இருந்தாலும், எவ்வளவு பழைய எச்டிஎம்ஐ கேபிளாக இருந்தாலும், அறுபடாமல் இருந்தால் போதும். 1080 வரியை 4கே திரையின் 2160 வரியாக விரித்துக் காட்டுகிற வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும், கேபிள் செய்வதில்லை. தங்க முலாம் பூசிய கேபிளில் கலர் பளிச்சென்று இருக்கும் என்பார்கள், அதையும் நம்ப வேண்டாம். முலாம் துரு பிடிக்காமல் இருக்கத்தான். எச்டிஎம்ஐயில் போவது ஒன்றும் பூஜ்யமும், அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் 200 ரூபாய் கேபிளிலும் அதே கலர்தான்.

சரி, பழைய கேபிள் திணறுகிற இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எச்டியில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளி, 4கேயில் 83 லட்சம். நான்கு மடங்கு. சினிமா போல நொடிக்கு 24 அல்லது 30 படம் என்றால் 4கேக்கு 297 மெகாஹெர்ட்ஸ் வேகம் போதும். ஹை ஸ்பீடு என்று பெயர் போட்ட கேபிள்களை 340 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 10.2 ஜிகாபிட் தகவல் போகிற அளவு வரை சோதித்திருப்பார்கள், எனவே 2010 வாக்கில் வாங்கிய ஹை ஸ்பீடு கேபிளிலும் இது ஓடும். நொடிக்கு 60 படம் என்றால்தான் வேகம் இரண்டு மடங்காகி 18 ஜிகாபிட் தேவைப்படுகிறது. 2013-ல் எச்டிஎம்ஐ 2.0 வந்தபோது கனெக்டரையும் மாற்றவில்லை, கேபிளையும் மாற்றவில்லை, இருக்கிற ஹை ஸ்பீடு கேபிளே போதும் என்றுதான் இதற்கெல்லாம் விதி போடுகிற எச்டிஎம்ஐ அமைப்பே சொன்னது. நடைமுறையில் சில கேபிள்கள் தாங்கின, சில தாங்கவில்லை. அதனால்தான் 2015-ல் 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்து, ப்ரீமியம் ஹை ஸ்பீடு என்று தனியாகச் சான்று கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் மேலே 2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1, 48 ஜிகாபிட், அதற்குரிய கேபிளுக்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று பெயர். பிளேஸ்டேஷன் 5 வைத்து நொடிக்கு 120 படத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது வேண்டும்தான், ஆனால் அந்த கேபிள் பிளேஸ்டேஷன் டப்பாவுக்குள்ளேயே வருகிறது.

கடையில் கேட்கும்போது இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் நான் கையில் எடுப்பதே இல்லை, ஏனென்றால் கேபிளுக்கு அப்படி நம்பர் போட்டு விற்க எச்டிஎம்ஐ அமைப்பின் விதி இடம் கொடுப்பதில்லை. ப்ரீமியம், அல்ட்ரா இரண்டிலும் டப்பாவின் மேல் ஸ்கேன் செய்கிற சான்று ஸ்டிக்கர் இருக்கும், போனில் அதற்கான ஆப் போட்டு ஸ்கேன் பண்ணினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். வீட்டில் இருக்கிற பழைய கேபிளையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஹை ஸ்பீடு கேபிள் என்றால் பெரும்பாலும் உறையின் மேலேயே பொடி எழுத்தில் அப்படி அச்சடித்திருக்கும். சிலதில் எழுத்து தேய்ந்து போயிருக்கும், அப்போது மாட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

கேபிள் திணறுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரி பறக்கும், கறுப்புக் காட்சியில் இன்னும் நன்றாகத் தெரியும். இல்லையென்றால் இரண்டு மூன்று நொடி திரை இருட்டாகிப் பழையபடி படம் வரும், அல்லது நோ சிக்னல் என்றே நின்றுவிடும். படம் மங்கலாக இருக்கிறது, கலர் வெளுத்திருக்கிறது என்பதெல்லாம் கேபிள் கோளாறு இல்லை, அதற்கு டிவியின் பிக்சர் செட்டிங்கைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான 4கே டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் முழு வேகத்தைத் திறந்துவிட தனித்தனி செட்டிங் உண்டு. ஒரு கம்பெனியில் என்ஹான்ஸ்டு என்று இருக்கும், இன்னொன்றில் டீப் கலர் என்று இருக்கும். அது ஆஃபில் இருந்தால் எவ்வளவு விலையுள்ள கேபிளைப் போட்டாலும் முழு 4கே வராது. அது ஆனில் இருந்து பழைய கேபிள் திணறினால், ஆஃப் பண்ணிப் பாருங்கள், கலர் தகவலைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு பாதி வேகத்திலேயே படம் வரும், தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். செட்டாப் பாக்ஸ் மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த செட்டிங்கே தேவையில்லை.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி காலத்திலிருந்து நம் வீடுகளில் அந்த ஒயர்தான் நிறைய இருக்கிறது. எச்டி வராத பழைய எஸ்டி பாக்ஸ், டிவிடி பிளேயர், கல்யாணக் கேசட் போடுகிற விசிஆர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதில் போவது 576 வரிதான், 55 இன்ச் திரையில் பார்த்தால் முகம் கொழகொழவென்றுதான் இருக்கும். புது டிவி மோசம் என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், அந்த ஒயரில் அவ்வளவுதான் வரும். ஆனால் வரும், அது முக்கியம். புது டிவிகள் பலவற்றில் மூன்று துளை இருக்காது, ஏவி என்று எழுதிய ஒரே ஒரு சின்னத் துளை இருக்கும், ஹெட்போன் துளை மாதிரி. அதற்கான குட்டி ஒயர் டிவி டப்பாவிலேயே வந்திருந்தாலும் தெர்மாகோலோடு சேர்த்துக் குப்பைக்குப் போய்விடுகிறது. அப்புறம் வெளியே வாங்கி மாட்டினால் படம் உருளுகிறது, சத்தம் கொர்ரென்கிறது என்று வருகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்த ஊசிக்குள் படமும் சத்தமும் போகிற இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னும் சில டிவிகளில் மஞ்சளைப் பச்சைத் துளையில் குத்த வேண்டும், குத்திவிட்டு மெனுவில் ஏவி என்று தேர்ந்தெடுக்காமல் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். இதற்கெல்லாம் டிவியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஏவி துளையே இல்லாத டிவி என்றால் ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுகிற சின்னப் பெட்டி வாங்கலாம். அது ஒரு பக்கம்தான் வேலை செய்யும், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவது வேறு பெட்டி, மாற்றி வாங்கிவிடக் கூடாது.

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபிளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். இரண்டு மீட்டரில் ஓடுகிற 4கே 10 மீட்டரில் ஓடாது, நீளம் கூடக் கூடச் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். பழைய கேபிள் உண்மையிலேயே தோற்றுப்போகிற இடம் பெரும்பாலும் இதுதான். கொத்தனார் பூச வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் ஒன்றரை இன்ச் பைப்பாகப் போடச் சொல்லுங்கள். முக்கால் இன்ச் பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது, நாளைக்குக் கேபிளை மாற்ற வேண்டும் என்றால் சுவரை உடைக்க வேண்டி வரும். நீளத்துக்கு ஒளியிழைக் கேபிள் இருக்கிறது, நன்றாகவே ஓடும், ஆனால் அதற்குத் திசை உண்டு. பாக்ஸ் பக்கம் எது, டிவி பக்கம் எது என்று தலையிலேயே எழுதியிருக்கும், பார்த்து இழுங்கள். திருப்பிப் போட்டால் படமே வராது.

ஏற்காட்டிலிருந்து வருகிற டிவிகளின் கதை வேறு. ஒண்டிக்கடை, நாகலூர் பக்கமெல்லாம் மழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நிற்கும், எச்டிஎம்ஐ தலையில் இருக்கிற 19 ஊசியும் மெல்லப் பச்சை பூத்துவிடும். கேபிள் பழசாகிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். கரன்ட்டை அணைத்துவிட்டு நான்கைந்து தடவை மாட்டிக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும், இல்லாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இடி. சித்திரை, வைகாசியில் மலையில் இடி விழுந்தால் கம்பத்திலிருந்து வருகிற கேபிள் டிவி ஒயர் வழியாகப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவி போர்டுக்குள் இறங்கிவிடும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, கம்ப ஒயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் கழற்றுங்கள். போர்டு போய்விட்டால் மாற்ற ஆகிற செலவு எந்த கேபிள் விலையோடும் ஒப்பிட முடியாத அளவுக்கு இருக்கும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. டிவி மாட்ட வருகிற பையன் முதலில் வீட்டில் இருக்கிற கேபிளைப் போட்டுப் பார்க்கட்டும், படம் ஒழுங்காக வந்தால் அப்படியே விட்டுவிட்டு வரட்டும். வராவிட்டால் விற்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. வாங்குகிறவர்கள் பில்லில் கேபிளைத் தனி வரியாக, ஹை ஸ்பீடா அல்ட்ராவா என்ற பெயரோடு எழுதச் சொல்லி வாங்குங்கள், நாளைக்குத் திருப்பிக் கொடுக்க அதுதான் ஆதாரம். வாரன்ட்டி போய்விடும் என்று யாராவது சொன்னால் அந்த வாரன்ட்டி அட்டையில் எந்த இடத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாமல் பணமும் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பில் விவரத்தைச் சொல்லலாம், போன் செய்யக் காசு கிடையாது.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
அம்மாப்பேட்டை, சேலம்.