தண்டவாள விரிசல்: வெல்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர் தொடங்கினாலே 'தண்டவாளத்தில் விரிசல். கீமேன் பார்த்ததால் விபத்து தவிர்ப்பு' என்று செய்தி வருகிறது. கீமேன் என்பவர் பாதையில் நடந்தே தண்டவாளத்தைப் பார்வையிடும் ஊழியர். காதுக்குக் கேளாத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியை வைத்துக் குறையைக் கண்டறியும் அல்ட்ராசோனிக் சோதனை செய்தும் விரிசல் எப்படித் தப்பியது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் உள்ள நேர் புரோப் (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவி), ஒலியைத் தலையிலிருந்து, அதாவது சக்கரம் ஓடும் மேல்பாகத்திலிருந்து, நேர்கீழாக அனுப்புகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் அடிப்பாகம் 150 மி.மீ. அகலம், தலையையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் நடுத்தண்டின் தடிமனோ வெறும் 16.5 மி.மீ. அந்த ஒடுங்கிய வழியே இறங்கும் ஒலி அடிப்பாகத்தின் நடுவை மட்டும் தொட்டுத் திரும்பும். இருபுறமும் விரிந்த பகுதியை அது எட்டாது. தலைக்குள் குறுக்கே வளரும் விரிசலுக்காக ஒலியைச் சாய்வாக அனுப்பும் 70 டிகிரி புரோப்கள் டிராலியில் இருக்கின்றன. அவையும் அடிப்பாகத்துக்கு உதவாது.

இரு தண்டவாளங்களின் இடைவெளியில் உருகிய இரும்பை ஊற்றி இணைக்கும் தெர்மிட் வெல்டில், உருகிச் சேராத இடம் அந்த ஓரத்தில்தான் இருந்தால் என்ன செய்வது? நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் குளிரில் சுருங்க வழியின்றி இழுபட்டு நிற்கும். சக்கரம் ஏறும்போது அடிப்பாகம் மேலும் இழுபடும். சிறு குறைகூட அப்போது பிளந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு வெல்டையும் கையால் சோதிக்க வேண்டும். முதலில் 3 மி.மீ. துளையிட்ட மாதிரி வெல்டில், எதிரொலி திரையின் 60 விழுக்காடு உயரத்துக்கு வரும்படி கெயினை (கருவி எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை) வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சின்னக் குறை திரையில் தலைகாட்டாது. பிறகு வெல்டின் இருபுறமும் கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, 2 மெகாஹெர்ட்ஸ் 70 டிகிரி புரோப்பை அடிப்பாகத்தின் மேல் வைத்து, வெல்டை நோக்கி வளைத்து வளைத்து நகர்த்த வேண்டும். இடையில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே ஒலி இரும்புக்குள் இறங்காது.

தலையின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்த இடங்களும் கவலைக்குரியவை. ஒலி அங்கேயே சிதறி, அடியிலிருந்து திரும்ப வேண்டிய எதிரொலி மறைந்துவிடும். அந்த இடத்தைப் 'பார்க்க முடியவில்லை' என்றே பதிவேட்டில் எழுத வேண்டும். 'குறை இல்லை' என்று எழுதக் கூடாது. 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ரயில் தடம்புரண்டு 4 பேர் இறந்தது, தலையோர விரிசல்கள் உள்ளே இறங்கித் தண்டவாளமே நொறுங்கியதால்தான்.

பழைய வெல்டுகளின் அடிப்பாகச் சோதனையைப் புரட்டாசிக்குள் முடிக்க ரயில்வே நிர்வாகம் போதிய லைன் பிளாக் (பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் நேரம்) தர வேண்டும். மழை பிடித்துவிட்டால் சேற்றிலும் ஈரத்திலும் அந்த வேலை சரிவர நடக்காது.

இப்படிக்கு,
ரயில் பாதைப் பராமரிப்புத் துறை சார்ந்த வாசகர்,
அரக்கோணம்