ராணுவ டாக்டரையும் கேள்வி கேட்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ மருத்துவமனை டாக்டர்களின் திறமை பற்றி யாராவது வாய் திறந்தால், "நாட்டுக்காக உழைப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று அடக்கிவிடுகிறார்கள். அவர்களிடம் வைத்தியத்துக்குப் போகிறவனும் நாட்டுக்காக உழைப்பவன்தானே?

நான் ஹவில்தாராக இருந்தபோது என் செக்‌ஷனில் ஒரு பையனுக்கு வயிற்றுவலி. எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறைக்கு, நானே கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த கேப்டன் டாக்டர் அவனைப் படுக்க வைக்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. வாயு என்று சொல்லி, மாத்திரை எழுதி, 'மெடிசின் அண்ட் டியூட்டி' என்று கையெழுத்துப் போட்டார். மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். "சார், ராத்திரியிலிருந்து நிமிர்ந்து நிற்க முடியவில்லை" என்றேன். "டாக்டர் நீயா, நானா?" என்றார். தோளில் மூன்று நட்சத்திரம் வைத்திருப்பவரிடம் ஒரு ஹவில்தார் அதற்கு மேல் என்ன பேசுவது?

மறுநாள் குடல்வால் வெடித்துவிட்டது. வேறு மருத்துவமனையில் ஒரு சர்ஜன் உயிரைக் காப்பாற்றினார். அவரும் ராணுவ டாக்டர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கேஸ் ஷீட் நகல் கேட்ட பையனின் அப்பாவுக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

2002இல், பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் சமயத்தில், ஜம்மு பக்கம் சாம்பாவில் உள்ள 171 ராணுவ மருத்துவமனையில் விமானப்படை வீரர் ஒருவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். 2014இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்த ரத்தத்தால் வந்ததுதான் என்று படையின் மருத்துவ போர்டே சொன்ன பிறகும், தங்கள் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று படைத் தரப்பில் வாதாடினார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ராணுவமும் விமானப்படையும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, சுமார் 1.54 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. டெல்லி வரை போய் வழக்காட எத்தனை சிப்பாய்களால் முடியும்?

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. சீருடை போட்ட டாக்டரும் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான். அந்த விதியை ராணுவ மருத்துவமனைகளிலும் தவறாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். புகார் வந்தால், விசாரணைக் குழுவில் வெளி டாக்டர் ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும். அப்புறம், சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சிப்பாய் கேட்பதை ஒழுங்கீனம் என்று எழுதக் கூடாது. பாதுகாப்பு அமைச்சகம் இதற்கு ஓர் உத்தரவு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்